வெள்ளிக்கிழமை மியூசியம் மூடியிருக்கும் என்று டாக்சிக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்

கோலாலம்பூரில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் பார்க்கக் கிளம்புகிறவர்கள், அதுவும் வெள்ளிக்கிழமையில் கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தைப்பிங்கிலிருந்து அம்மா, மகள், நான் மூவரும் வந்திருந்தோம். விடுமுறையின் கடைசி நாளை மகளுக்கென்றே ஒதுக்கியிருந்தோம். அவள் ஓவியம் படிக்கிறாள். அங்கே இருக்கும் தலைகீழ்க் குவிமாடத்தையும், சிரியாவிலிருந்து கொண்டுவந்து பொருத்திய ஒஸ்மானியத் துருக்கியர் காலத்து அறையையும் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் இ.டி.எஸ். ரயில். பைகளை பிரிக்பீல்ட்ஸ் ஓட்டலிலேயே விட்டுவிட்டு, அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் வாசலில் நின்ற டாக்சியில் ஏறினோம்.

ஓட்டுநர் நம்மவர், நல்ல தமிழ் பேசினார். மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் பக்கத்துல இருக்கறதால தொழுகை முடியற வரைக்கும் மியூசியம் தொறக்க மாட்டாங்க. அதைவிட நல்ல ஆர்ட் மியூசியம் ஒண்ணு இருக்கு, கூட்டிப் போறேன்" என்றார்.

இதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் எடுபடுகிறது. பக்கத்திலிருக்கும் தேசியப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைகளில் முஸ்லிம் அல்லாத சுற்றுப்பயணிகளைப் பிற்பகலில்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் அருங்காட்சியகம் தனிக் கட்டடம், தனி நிர்வாகம். அன்று காலையிலிருந்தே அது திறந்திருந்தது என்று அப்புறம் போன் செய்து கேட்டபோது சொன்னார்கள்.

அவர் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு கடைவீட்டில். தலைக்கு 25 வெள்ளி (ரிங்கிட்) நுழைவுக் கட்டணம். கீழே சட்டம் போட்ட சில படங்கள், பாத்தேக் எனும் மெழுகுச் சாயத் துணி செய்வதை மெழுகு ஊற்றிக் காட்ட ஓர் ஆள், அவ்வளவுதான். உடனே மாடிக்கு அழைத்துப்போனார்கள். மாடி முழுக்க விற்பனை. வாங்காமல் இறங்கவிடவில்லை, பேசிப் பேசியே நேரத்தைக் கரைத்தார்கள். கடைசியில் அம்மா, "கையால் வரைந்த பாத்தேக்" என்று அவர்கள் சொன்ன ஒரு சால்வையை 180 வெள்ளி கொடுத்து வாங்கினார். மகள்தான் திருப்பிப் பார்த்தாள். மெழுகு வைத்துச் சாயம் தீட்டிய துணியில் நிறம் ஊறிப் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே இருக்கும். இது பின்பக்கம் வெளுத்துக் கிடந்தது. அச்சுத் துணி. பணத்தைத் திருப்பிக் கேட்டால், விற்ற பொருள் திரும்பாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள்.

வெளியே வந்தால் ஓட்டுநர் 60 வெள்ளி கேட்டார், காத்திருந்ததற்கும் சேர்த்தாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அருங்காட்சியகம் போக, மீட்டர் போட்டால் பத்து வெள்ளிகூட ஆகாது. பணம் போனது போகட்டும். அம்மாவை வாய் நிறைய "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இதைச் செய்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மகள் ஒன்றையும் பார்க்காமலே ஊர் திரும்பினாள்.

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கே.டி.எம். கொம்யூட்டர் ரயிலில் ஒரே நிறுத்தம், பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம். அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். நடக்க முடியாதவர்களோடு போனால் கிராப் போன்ற செயலியில் வண்டி எடுங்கள், கட்டணம் முன்பே தெரிந்துவிடும். திறந்திருக்கிறதா என்பதை அருங்காட்சியகத்திடமே கேளுங்கள், வழியில் யார் சொன்னாலும் சரி. டாக்சியில்தான் போக வேண்டுமென்றால் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எண் இருந்தால்தான் அரசின் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டிடம் புகார் செய்ய முடியும்.

கடை விஷயத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறு என்றால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம். சுவரில் என்ன ஒட்டியிருந்தாலும் அந்த உரிமை போகாது. எதை வாங்கினாலும் ரசீதில் பொருளின் விவரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மா அப்படிக் கேட்டு வாங்கியதால் எங்கள் ரசீதில் "கையால் வரைந்தது" என்றே இருக்கிறது. அதை வைத்துத்தான் மனு கொடுத்திருக்கிறேன்.