ஸ்டெம் செல் ஊசின்னு 4,60,000 ரூபாய் வாங்கிட்டாங்க: கிருஷ்ணகிரி, தர்மபுரி மக்கள் ஜாக்கிரதை

ஓசூர் பக்கம் ஒரு தனியார் கிளினிக், ஸ்டெம் செல் (வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) ஊசி போடறாங்க. புகார் கொடுக்கப் போறதால பெயர் போடலை. காவேரிப்பட்டணத்துல இருக்கிற எங்க பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன். மாந்தோப்புக் குத்தகைப் பணம் 4,60,000 ரூபாயை மொத்தமா அங்கே கட்டினார். நடுக்கம் அப்படியே இருக்கு.

கிளினிக்ல ஆலோசனை சொல்ற பொண்ணு கையைப் பிடிச்சு, "அப்பா, இது ஜப்பான்ல நோபல் வாங்கின ஐபிஎஸ் செல். உங்க உடம்புல எடுத்து உங்களுக்கே போடுறோம், பக்க விளைவே வராது"ன்னு சொன்னதுல அவர் விழுந்துட்டார். நோபல் உண்மைதான். ஜப்பான் விஞ்ஞானி யமனாகா 2006ல எலி செல்லையும் 2007ல மனுஷ செல்லையும், நாலு மரபணுவைச் செலுத்தி, எந்த செல்லாவும் மாறக்கூடிய நிலைக்குத் திருப்பினார்; அதுதான் ஐபிஎஸ் செல். 2012ல பரிசு அதுக்குத்தான். பார்க்கின்சனைக் குணப்படுத்தினதுக்கு இல்லை.

இங்கே நடந்தது வேற. காலையில வயித்துக் கொழுப்பை எடுத்தாங்க, என்சைம் போட்டு மெஷின்ல சுத்தினாங்க, சாயங்காலம் கை நரம்புல டிரிப்ஸா ஏத்தினாங்க. ஒரே நாள்ல ஐபிஎஸ் செய்யவே முடியாது! ஐபிஎஸ் செல் கூட்டமா (காலனி) வளர்ந்து வரவே சில வாரம் ஆகும். அதைப் பெருக்கி, மரபணுக் கோளாறு இருக்கான்னு பார்த்து, பார்க்கின்சன்ல அழியற டோபமைன் செல்லுக்கு முந்தின நிலைக்கு மாத்த இன்னும் மாசக்கணக்கு. மாறாத செல் மிச்சம் இருந்தா டெரட்டோமா கட்டி வரலாம், அதனால அதையும் பிரிச்சு எடுக்கணும். ஜப்பான்ல கியோட்டோவுல 2018ல தொடங்கின சோதனையில மண்டையில துளை போட்டு, மூளையோட புட்டமென் பகுதியிலேயே செல்லை வச்சாங்க. நரம்புல ஏத்தின கொழுப்பு செல் பெரும்பாலும் நுரையீரல் நுண்குழாய்லயே சிக்கிக்கும். மூளைக்கு எங்கே போறது?

சொந்த செல்லுன்னா ஆபத்து இல்லைங்கிறதும் பொய். 2014ல ஜப்பான்ல கோபேயில ஒரு அம்மாவுக்கு அவங்க செல்லுலேர்ந்தே விழித்திரைப் படலம் செஞ்சு வச்சாங்க. அடுத்த நோயாளியோட செல்லுல மரபணு மாற்றம் தெரிஞ்சதும் ஆபரேஷனையே நிறுத்திட்டாங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல கொழுப்பு செல்லைக் கண்ணுக்குள்ள போட்டு மூணு பெண்களுக்குப் பார்வை போச்சு.

ஊசிக்கு அப்புறம் போன் பண்ணினா "செல் செட்டில் ஆகணும்". அப்புறம் "டாக்டர் கான்ஃபரன்ஸ்ல இருக்கார்". அப்புறம் "ஒரு பூஸ்டர் போட்டுப் பாருங்க, 1,20,000". எத்தனை செல், எத்தனை சதவீதம் உயிரோட இருந்தது, கிருமிச் சோதனை ரிப்போர்ட் எங்கேன்னு கேட்டா "அதெல்லாம் வெளியே தர மாட்டோம்". 4,60,000 ரூபாய்க்குக் கொடுத்த பில்லுல ஸ்டெம் செல்ங்கிற வார்த்தையே இல்லை, 'வெல்னஸ் பேக்கேஜ்'னு போட்டிருக்கு. எல்லாத்துக்கும் மேல, பார்க்கின்சனுக்குப் போடற லெவோடோபா மாத்திரையைப் பாதியாக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. நடை மோசமானது அதனாலதான். அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா காய்ச்சல், உடம்பு விறைப்புன்னு உயிருக்கே ஆபத்து வரும்.

கேட்க வேண்டியதை அவசரமா எழுதறேன். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய் மாதிரி அங்கீகரிச்ச சிலதுக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மத்ததெல்லாம் சோதனை மட்டும்தான். சோதனைன்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. சிடிஆர்ஐ (CTRI, மருத்துவச் சோதனைகளைப் பதிவு பண்ற இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேளுங்க, இணையத்துல நீங்களே தேடிப் பாருங்க. காசு கேட்டா எழுந்து வந்துடுங்க. நரம்பியல் டாக்டரைக் கேட்காம மாத்திரையைத் தொடாதீங்க. ஏமாந்தவங்க மருத்துவ ஆவணங்களை எழுத்துல கேளுங்க, 72 மணி நேரத்துல தரணும். நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் போடணும், நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணம் இல்லை.

ஓசூர் பக்கம் இதே 'வெல்னஸ் பேக்கேஜ்' பில் வச்சிருக்கிறவங்க மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.