சிலிகான் அச்சா, அலுமினிய அச்சா?

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் மூடி, சோதனைக்கு 30 வேண்டும். எந்த அச்சு?

செலவு: சிலிகானுக்கு நல்ல மாதிரி உரு ஒன்றும் கொஞ்சம் ரப்பரும் போதும். அலுமினியத்தில் சிஎன்சி வேலை (கணினி வழி உலோகம் செதுக்குவது), எஜெக்டர் பின் (மூடியை அச்சிலிருந்து வெளியே தள்ளும் ஊசி), பாலிஷ் என்று பல மடங்கு ஏறும். பிறகு ஒவ்வொரு மூடியும் மலிவு.

ஆயுள்: சிலிகான் சுமார் 20 வார்ப்பு தாங்கும், பிறகு மெல்லிய விளிம்புகள் கிழியும். அலுமினியம் ஆயிரக்கணக்கில் தரும்.

நேரம்: சிலிகானுக்குச் சில நாள், அலுமினியத்துக்குச் சில வாரம்.

பலர் கோட்டை விடுவது பொருளில்தான். சிலிகான் அச்சில் வருவது ஏபிஎஸ் (உறுதியான ஒரு வகை பிளாஸ்டிக்) போல நடந்துகொள்ளும் பாலியூரித்தேன் (திரவமாக ஊற்றி இறுக வைக்கும் ரெசின்), ஏபிஎஸ் அல்ல. கொக்கிப் பூட்டின் ஆயுளையும் வெப்பம் தாங்கும் திறனையும் அதில் சோதித்து முடிவெடுக்காதீர்கள்.

பிளாட்டினம் வகை சிலிகானை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) ரெசினில் 3டி பிரிண்ட் செய்த மாதிரி உருவின் மேல் நேரே ஊற்றினால், தொடும் பரப்பு இறுகாமல் பாகு போல ஒட்டும். மாதிரி உருவும் பாழ். முதலில் மாதிரி உருவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் முழுக்க இறுக்கி, தெளிவான லாக்கர் பூசி, ஓரத்தில் ஒரு சொட்டு சிலிகான் வைத்துப் பாருங்கள். காற்றுக் குமிழியை நீக்க வெற்றிடத்தில் வைக்கும்போது சிலிகான் மூன்று நான்கு மடங்கு பொங்கும். பாத்திரத்தில் கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். பாலியூரித்தேன் டின்னைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறி, வார்ப்பெல்லாம் குமிழி.

30 மூடிக்கு, அதுவும் வடிவம் இன்னும் மாறும் என்றால், இரண்டு சிலிகான் அச்சு. 500-ஐத் தாண்டினாலோ உண்மையான ஏபிஎஸ் தேவைப்பட்டாலோ அலுமினியம். கண்ணாடி இழை நைலான் என்றால் கேட் பகுதியில் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) எஃகு இன்செர்ட் (பொருத்தி வைக்கும் தனித் துண்டு) வைக்கச் சொல்லுங்கள். முதலில் தேய்வது அந்த இடம்தான்.