கிரியேட்டினினா, சிறுநீர் அளவா?

திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால், அவசரப் பிரிவில் எதை நம்புவது – ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினையா (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் வெளியேற்றும்), சிறுநீர் அளவையா?

வேகம்:
கிரியேட்டினின் – ரிப்போர்ட் சீக்கிரம் வரும், ஆனால் சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் எண் நன்றாக ஏறும், அதனால் முதல் ரிப்போர்ட் நார்மல் என்றதும் தயவுசெய்து நிம்மதியாகிவிடாதீர்கள்.
சிறுநீர் – முன்னாடியே குறையலாம்.

அளவுகோல்:
கிரியேட்டினின் – 48 மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்வு, அல்லது ஒரு வாரத்துக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கு.
சிறுநீர் – 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்கும் கீழே, தொடர்ந்து 6 மணி நேரம்.

ஏமாற்றுவது:
தசை குறைந்த முதியவருக்கு கிரியேட்டினின், ஃப்ரூஸமைடு (சிறுநீரை அதிகமாக்கும் மருந்து) போட்டவருக்கு சிறுநீர்.

பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் கிரியேட்டினின் போதுமான துப்பு தரும். ஷாக்கில் (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலையில்) வந்தவருக்கு என் ஓட்டு கதீட்டர் பைக்குத்தான் (குழாய் வழியே சிறுநீர் சேரும் பை), மணிக்கு மணி குறித்துக்கொண்டே. சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டதா? அப்போ முதலில் ஸ்கேன் வைத்து அடைப்பு இருக்கிறதா பாருங்கள்.