நாளைப் பிரிப்பதா, ஆண்டைப் பிரிப்பதா? நாவல் எழுதுபவரின் மூன்று வேலைகள்

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய காலத்துக் கரைவலைத் தொழிலாளரைப் பற்றி நான் எழுதிவரும் நாவலுக்கு, எழுதும் மேசையோடு கடற்கரையும் வேண்டியிருக்கிறது. பிழைப்புக்கோ பிறர் நூல்களைச் செம்மையாக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு நாளையும் இம்மூன்றுக்கும் பங்கிடுவது ஒரு வழி. ஆண்டைப் பருவங்களாகப் பிரித்து, ஒரு பருவத்தை ஒரு வேலைக்கே ஒதுக்குவது மற்றொரு வழி.

நாளைப் பங்கிடுவதன் பெரும் நன்மை, நாவல் கைவிட்டுப் போவதில்லை என்பதே. பாத்திரங்களின் பேச்சு காதில் நிற்கும். நேற்று நின்ற இடத்திலிருந்து இன்று தொடரலாம். ஆனால் கரைவலை மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்ட தொழிலன்று. காற்றும் நீரோட்டமும் பார்த்து வலை வளைத்தபின் அதைக் கரைக்கு இழுக்கப் பல மணி நேரம் செல்லும். ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வருபவர் வலையின் பைபோன்ற மடியில் குவிந்த மீனை மட்டுமே காண்பார். கயிறு இழுப்போர் பாடும் அம்பா, மடி கரையை நெருங்க நெருங்க எப்படி வேகம் மாறுகிறது, வலைக்கு உடையவரான சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் இடையே பங்கு பிரியும்போது யார் பேசுகிறார், யார் பேசாமல் நிற்கிறார் என்பவை விடியலிலிருந்து மீனவரின் கரையோரக் குடிலான வாடியில் இருப்பவருக்கே தெரியும். தானும் கயிற்றைப் பிடித்து இழுத்தவருக்கு, மணலில் குதிகால் எப்படி ஊன்றுகிறது என்பதும் விளங்கும்.

எனவே கள ஆய்வுக்குப் பருவப் பிரிவே ஏற்றது. கிழக்குக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் ஒக்டோபர் வரை கடல் இறங்கக்கூடியதாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் கடல் கொந்தளித்து வாடிகள் வெறுமையாகும். அமைதிக் காலத்தில் கரை, மழைக் காலத்தில் மேசை என்பது இயல்பாகவே பொருந்துகிறது. ஆயினும் இவ்வழியில் மாதக்கணக்கில் எழுதாதிருக்க நேரும். திரட்டிய செய்திகளெல்லாம் நாவலுக்குள் இடங்கேட்டு நெருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. கொழும்புப் புத்தகக் கண்காட்சி செப்டெம்பரில் நடப்பதால், அதற்கு முந்திய மாதங்களில், கடல் நன்றாயிருக்கும் அதே காலத்தில், செம்மையாக்க வேலை வந்து குவிகிறது.

இந்த வேலைதான் எழுத்துக்கு உண்மையான போட்டி என்று நான் கருதுகிறேன். கள ஆய்வு உடலை அயரச் செய்தாலும் மொழியைத் தொடுவதில்லை. கரையிலிருந்து திரும்பிய இரவிலும் ஒரு பக்கம் எழுத முடியும். பிறர் வாக்கியங்களை நாள் முழுதும் திருத்தியபின் என் வாக்கியம் பிறக்குமுன்பே அதன் குற்றம் கண்ணில் படுகிறது. 1895 இல் ‘மோகனாங்கி’ என்ற வரலாற்று நாவலை வெளியிட்ட திருகோணமலையாரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னையில் கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் பணியாற்றியவர். பிழைப்பும் பழஞ்சுவடிகளும் ஓரிடத்தில் அமைந்த அந்த வாய்ப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

முதியோரிடம் கேட்டறிவது இவ்விரு திட்டங்களுக்குள்ளும் அடங்காது. 1942 இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவர் பேச இசையும் நாளில் மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டே போகவேண்டும். திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளம், எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய ஆவண வாசிப்பை எந்த மாலையிலும் செய்யலாம்.

ஆகவே நான் ஆண்டைப் பிரிப்பதையே தேர்கிறேன், ஒரு திருத்தத்தோடு: காலையின் முதல் மணி நேரம் எந்தப் பருவத்திலும் நாவலுக்கு உரியது, செம்மையாக்கம் அதற்குப் பின்னரே. மார்ச் முதல் மே வரை கரை; ஜூன் முதல் ஓகஸ்ட் வரை முழுச் செம்மையாக்கத்தை ஏற்காமல் அச்சுப்படி ஒப்புநோக்கல் மட்டும், அதுவும் பிற்பகலில். இதனால் அம்மாதங்களில் வருமானம் குறையும். வாடைக்காலத்தில் ஏற்கும் வேலை அதை ஓரளவே ஈடுசெய்யும் என்பதால், புதிய நூல்களை ஒப்புக்கொள்ளும்போதே பதிப்பாளரிடம் மாதத்தைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.