சிறுநீரகத்துக்கு என்று விற்கும் நைட்ரிக் ஆக்ஸைடு பொடி: அப்பாவுக்கு மூன்று வாரம் கொடுத்த அனுபவம்

அப்பாவுக்கு 71 வயது. இருபது வருட சர்க்கரை, சிறுநீரகம் மூன்றாம் நிலையில் இருக்கிறது, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 2-ஐ ஒட்டியே நிற்கிறது. அக்கா ஒரு விளம்பரத்தை அனுப்பி "இதை வாங்கிக் கொடுத்துப் பாரேன்" என்றாள், வாங்கினேன். 300 கிராம் டப்பா, 1,450 ரூபாய். பீட்ரூட் பொடி, ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம், பூண்டுப் பொடி, மஞ்சளில் இருந்து எடுத்த குர்குமின், இந்த நான்கும் கலந்தது. கூடவே எச்சிலில் நனைத்துப் பார்க்கிற காகிதப் பட்டைகள் பத்து. மூடியில் "சிறுநீரகத்தைக் காக்கும் மூன்று வாயுக்கள் ஒரே டப்பாவில்" என்று போட்டிருந்தது. இதே கலவையை வேறு வேறு பெயரில் நிறைய பேர் விற்கிறார்கள், நான் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனால் பெயரை எழுதவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைகிறது, பூண்டு வாடை லேசாகத்தான் இருக்கிறது, அப்பா முகம் சுளிக்காமல் குடித்தார். மூடியில் சொல்லும் மூன்று வாயுக்களும் கட்டுக்கதை இல்லை. நைட்ரிக் ஆக்ஸைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்ஸைடு மூன்றையும் நம் உடம்பே துளித் துளியாகத் தயாரிக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு என்றதும் மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையில் இறந்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள், ஆனால் அடிபட்ட இடம் முதலில் கருநீலமாகி அப்புறம் பச்சையாக மாறுகிறதே, அங்கே ரத்தத்தின் சிவப்புப் பொருளை உடைக்கிற நொதி ஒவ்வொரு முறை வேலை செய்யும்போதும் ஒரு மூலக்கூறு கார்பன் மோனாக்ஸைடு வெளியே வருகிறது. அதே நொதி சிறுநீரகம் அடிபடும்போது அதைக் காக்கவும் செய்கிறது. அழுகின முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களே தயாரிக்கின்றன.

நைட்ரிக் ஆக்ஸைடுதான் இவற்றில் நன்றாக ஆராயப்பட்டது. ரத்தக் குழாயின் உட்சுவரில் உண்டாகி, குழாயை இறுக்கம் தளர வைக்கிறது. இதைக் கண்டதற்காக 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இந்த வாயுவை வைத்துத்தான் வேலை செய்கிறது. இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது, அங்கே குழாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதில் இந்த வாயுவுக்குப் பெரிய பங்கு. எலிகளுக்கு இது சுரக்காமல் தொடர்ந்து தடுத்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தழும்பேறிப் போயின. ஆக அடிப்படை சரி. அப்படியானால் டப்பாவில் என்ன தப்பு?

ஆர்ஜினைனில் இருந்து ஆரம்பிக்கிறேன். நைட்ரிக் ஆக்ஸைடுக்கு மூலப்பொருள் அதுதான், அதனால் அதைக் கூட்டினால் வாயு கூடும் என்பது விற்பவர்களின் கணக்கு. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தில் ஏ.டி.எம்.ஏ. என்ற பொருள் தேங்குகிறது, அது அந்த வாயுவைத் தயாரிக்கும் நொதியையே தடுக்கிறது. 1992-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். மில்லின் கல்லே சிக்கிக்கொண்டிருக்கும்போது மேலும் மேலும் நெல்லைக் கொட்டி என்ன ஆகப் போகிறது? இதயத் தாக்குதல் வந்தவர்களுக்கு ஆர்ஜினைன் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அதை எடுத்துக்கொண்டவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்ற தரப்பில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தி 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்பாவுக்கு இதயத்திலும் ஸ்டென்ட் இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

குர்குமின் கதையும் அப்படித்தான். ஆய்வகத்துச் செல்களில் அது கார்பன் மோனாக்ஸைடு தரும் நொதியைத் தூண்டுகிறது, உண்மை. கனடாவில் வயிற்றுப் பெருந்தமனி அறுவை சிகிச்சைக்குப் போன 606 பேரை வைத்து, ஒரு தரப்புக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. பலன் இல்லை, சிறுநீரகப் பாதிப்பு குர்குமின் எடுத்தவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, மாத்திரை அளவில் பிழிந்து எடுத்ததைப் பற்றிச் சொல்கிறேன்.

பீட்ரூட்டின் வழி வேறு. அதில் இருக்கும் நைட்ரேட் குடலில் ஏறி, எச்சிலில் திரும்பி வந்து, நாக்கில் வாழும் பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகி, அப்புறம் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்ஸைடு ஆகிறது. அந்தச் சிக்கிக்கொண்ட நொதி இதற்குத் தேவையில்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவதும் நிஜம்தான். கிருமி கொல்லும் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிப்பவர்களுக்கு இந்தப் பலன் மங்கிவிடும், இதை டப்பாவில் எங்கேயும் சொல்லவில்லை. எச்சில் பட்டையும் இந்த நைட்ரைட்டைத்தான் காட்டுகிறது. பட்டை சிவந்தால் "சிறுநீரகம் குணமாகிறது" என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க நான் பொடியைத் தொடாமல் மதியம் ஒரு கிண்ணம் கீரைப் பொரியல் மட்டும் சாப்பிட்டேன், என் பட்டையும் நன்றாகச் சிவந்தது. வாயில் நடப்பதைக் காட்டுகிற காகிதத்துக்குச் சிறுநீரகத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

எனக்குக் கோபம் வருவது பொட்டாசியம் விஷயத்தில். பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது, ரத்தத்திலேயே தேங்கிவிடும். சிறுநீரக நோயாளி இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டில் இளநீர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, உருளைக்கிழங்கைக்கூட நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டுத்தான் அம்மா சமைக்கிறாள். பச்சை பீட்ரூட் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. நீரை எல்லாம் உலர்த்திப் பொடியாக்கினால் அது அப்படியே சுருங்கிச் சேர்ந்துவிடும். 10 கிராம் பீட்ரூட் பொடி என்பது ஏறக்குறைய 80 கிராம் பச்சை பீட்ரூட், கையேடு சொல்வதோ தினம் இரண்டு வேளை. அப்பா சாப்பிடும் டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. டப்பாவில் புரதம், மாவுச்சத்து, இரும்பு எல்லாம் போட்டிருக்கிறது, பொட்டாசியம் என்ற வார்த்தையே இல்லை. போதாக்குறைக்கு பீட்ரூட்டில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம், கல் வந்தவர்களுக்கு ஆகாது.

மூன்றாம் வாரம் அப்பா பாத்ரூமில் இருந்து நடுங்கிக்கொண்டே வந்தார். சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது. ரத்தம் என்று பயந்துவிட்டார், நாங்களும்தான். அது பீட்ரூட்டின் சாயம், சிலருக்கு அப்படிப் போகும். ஆனால் அந்தப் பயத்தில் ஓடிப்போய் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.7 இருந்தது. அதற்கு முந்தைய மாதம் 4.8. டாக்டர் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்றைக்கே நிறுத்துங்கள், இன்னும் ஏறியிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறியிருக்கும்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

விற்பனையாளருக்கு இரண்டு முறை எழுதி, ஒரு கரண்டியில் பொட்டாசியம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். இரண்டு முறையும் "எங்கள் தயாரிப்பு 100 சதவீதம் இயற்கையானது" என்றுதான் பதில் வந்தது. பணம் திரும்பவில்லை.

நட்சத்திரம் ஒன்று, அதுவும் கரைகிற பக்குவத்துக்காக. சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர், ஓடுகிறவர், வெறும் பீட்ரூட் பொடியாகத் தனியாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், விலையும் பாதிதான் இருக்கும். கிரியாட்டினின் ஏறியிருக்கிற ஒருவருக்காக இதைத் தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள், வாங்குவதற்கு முன் அவருடைய கடைசிப் பொட்டாசியம் அளவை எடுத்துப் பாருங்கள், டப்பாவின் படத்தை அவருடைய டாக்டருக்கு அனுப்புங்கள். அப்பாவுக்குப் போன வாரம் மறுபடி எடுத்ததில் 4.9 வந்திருக்கிறது.