டெக்குக்கு ஹெட் கிளீனிங்: டவுன் ஹால் ரோடு சந்துக் கடை எப்படி?

மேலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆர்டர் இல்லாத மாதங்களில் பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கிற வேலைதான் சோறு போடுகிறது. கேசட்டை ஓட்டுகிற வி.சி.ஆர். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் மக்கர் பண்ணினால் அன்றைக்குப் பிழைப்பு இல்லை. அப்போதெல்லாம் நான் போகிற கடை மதுரை டவுன் ஹால் ரோட்டில், பெருமாள் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. போர்டு கிடையாது. “பேரைப் போட்டுறாதீங்க தம்பி, அப்புறம் மிக்சி, டேபிள் ஃபேன்னு தூக்கிட்டு வந்துருவாங்க” என்று அண்ணன் சொல்லிவிட்டதால் பேர் போடவில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைகளில் டெக் பார்க்கிற அண்ணன் என்று கேளுங்கள், கை காட்டுவார்கள்.

கிளீனிங் கேசட் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆன்லைனில் வாங்கிய உலர் ரகம் ஒன்று என்னிடமும் இருக்கிறது. உள்ளே இருப்பது சொரசொரப்பான நாடா, உரசித்தான் அழுக்கை எடுக்கும். லேசான தூசிக்குச் சில நொடி ஓட்டினால் சரியாகிவிடும். பூஞ்சை அடைப்புக்கு எடுபடவே இல்லை. போகவில்லையே என்று திரும்பத் திரும்ப ஓட்டினால் அழுக்கோடு ஹெட்டும் தேயும்.

போன முறை கொண்டுபோனது உசிலம்பட்டிப் பக்கத்து வீடு ஒன்றின் காதுகுத்துக் கேசட் ஓடி நின்ற டெக். சத்தம் தெளிவாக வருகிறது, படம் மட்டும் புள்ளி புள்ளியாக மினுக்குகிறது. டிவியில் போட்டுப் பார்த்தவர், மூடியைக் கழற்றும் முன்பே “ஒரு ஹெட்டு அடைச்சிருக்கு” என்றார். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் டெக்குக்குள் 62 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்ற உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஹெட்டுகள் மாறி மாறி வினாடிக்கு 50 ஃபீல்டு, அதாவது பாதிப் படங்கள், படிக்கின்றன. ஒன்று அடைத்துக்கொண்டால் ஒன்று விட்டு ஒன்று காணாமல் போகும், மினுக்கல் அதனால்தான். சாதாரண ஒலியைப் படிப்பது சுற்றாமல் நிற்கும் வேறு ஹெட், ஆகவே சத்தம் தப்பித்தது. நாடாவில் உள்ள தடத்தை ஹெட் சரியாகத் தொடராத டிராக்கிங் கோளாறாக இருந்தால் படத்தில் பட்டையாகக் கோடு விழும், டிராக்கிங் பட்டனுக்கு நகரும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே “சர்க்யூட் போர்டு போச்சு” என்று எஸ்டிமேட் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அவர் கை வேலையை நின்று பார்க்க வேண்டும். பட்ஸைத் தொடுவதே இல்லை, பஞ்சு இழை ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். மெல்லிய தோல் துண்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து டிரம்மின் பக்கவாட்டில் சும்மா ஒட்டிப் பிடிக்கிறார். இன்னொரு கையால் டிரம்மை மேலிருந்து மெதுவாகச் சுற்றுகிறார். அசைவது டிரம் மட்டும்தான், தோல் அசையாது. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். அது ஃபெரைட் என்ற நொறுங்கும் காந்தப் பொருள், கடுகை விடச் சின்னது. பளபளப்பான அந்த டிரம்மில் விரல் படவும் விடமாட்டார். தோலில் கறுப்பு வருவது நிற்கும்வரை துண்டை மாற்றிக்கொண்டே இருந்தார். அதே கையோடு ஆடியோ ஹெட், நாடாவை இழுக்கிற கேப்ஸ்டன், பிஞ்ச் ரோலர் எல்லாம். ரோலரில் அழுக்கு இருந்தால் நாடாவின் ஓரம் கசங்கும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எல்லாம் முடிந்ததும் டீ குடிக்கப் போய்விட்டார். ஈரம் காயாமல் கேசட்டைப் போட்டால் நாடா டிரம்மில் ஒட்டிக்கொள்ளும்.

திரும்பி வந்து நான் கொண்டுபோன கேசட்டை வெளிச்சத்தில் காட்டினார். ஜன்னல் வழியே நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி. “டெக்குல குத்தம் இல்ல தம்பி. இதைத் துடைக்காம மறுபடி போட்டீங்கன்னா நாளைக்கே வருவீங்க.” பரணில், சுவரோரம் ஈரத்தில் கிடந்த கேசட்டுகள் எல்லாமே இப்படித்தான் வருகின்றன. பூஞ்சை கேசட்டைத் துடைக்கவென்றே பழைய டெக் ஒன்றில் டிரம்மைக் கழற்றிவிட்டு, நாடா போகும் வழியில் தோல் துண்டு வைத்திருக்கிறார். அதைக் கடைக்கு உள்ளே ஓட்டுவதில்லை, வாசலில்தான். ஹெட் துடைக்க 400 ரூபாய், கேசட்டுக்கு 150. டெக் மறுபடி அடைக்காமல் இருக்க இந்த 150 கொடுப்பதுதான் எனக்கு லாபம்.

குறைகளும் உண்டு. ரசீது தரமாட்டார். போனை எடுக்கவே மாட்டார். ஒரு மணி நேரத்தில் முடியும் என்பார், அதை நம்பி பஸ்ஸுக்கு நேரம் பார்க்காதீர்கள். தேய்ந்துபோன ஹெட்டுக்கு அவரிடமும் மருந்து இல்லை, ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்லிக் காசு வாங்காமல் அனுப்புவார். கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016ல் நிறுத்திவிட்டது. இனி மாற்று டிரம் என்றால் செத்த டெக்கிலிருந்து பிடுங்கியதுதான். அவரிடம் அப்படிச் சில கிடக்கின்றன, எந்த மாடலுக்குச் சேரும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெக்கோடு நீங்கள் கடைசியாகப் போட்ட கேசட்டையும் எடுத்துப்போங்கள். ஞாயிறு லீவு. சித்திரைத் தேரோட்டத்தன்று மட்டும் வேண்டாம், மாசி வீதிப் பக்கம் வண்டி விடமாட்டார்கள், டெக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.