ஆதார் பிரிண்ட்: வடசென்னை ஜெராக்ஸ் கடைகளுக்கு எத்தனை மார்க்?

பாரிமுனைச் சந்துகளில் தொடங்கி மிண்ட், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் வரை ஜெராக்ஸ் கடை இல்லாத தெரு குறைவு. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடகை ஒப்பந்தமோ கல்லூரி விண்ணப்பமோ, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் தாள் கைக்கு வந்துவிடும். அதற்கு முழு மார்க் போடலாம். காசு கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்பிய பிறகு உங்கள் ஃபைல் என்ன ஆகிறது என்ற இடத்தில்தான் இந்தச் சேவை தேறவில்லை.

கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். பிடிஎஃப்பை பிரிண்ட் போட அதை டவுன்லோட் செய்வார்கள். யாராவது அழிக்கும்வரை அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே இருக்கும், உங்களுக்கு முன்னால் வந்தவருடையதும் பின்னால் வந்தவருடையதும் வரிசையாக. கடை போனிலும் ஒரு பிரதி உண்டு. பேக்கப் ஆனில் இருந்தால் கூகுள் கணக்குக்கும் போய்விடும். வீட்டுக்கு வந்து ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ அழுத்தினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அனுப்பி ஏறக்குறைய இரண்டரை நாளுக்குள் அழுத்தினால் சாட்டிலிருந்து மறையும். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இறங்கிய பிரதியை அது தொடாது.

ஆணையத் தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்றால், அது பலவீனமான பூட்டு. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அடுத்து பிறந்த ஆண்டு, அவ்வளவுதான். பெயர் உங்கள் வாட்ஸ்அப் புரொஃபைலிலேயே தெரிகிறது. ஆண்டைக் கண்டுபிடிக்க நூறு முறைகூட முயல வேண்டாம். போதாக்குறைக்கு, பாஸ்வேர்டையும் அதே சாட்டில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பாதீர்கள். கீபோர்டை வாங்கி நீங்களே அடியுங்கள். பிரிண்ட் எடுத்த பிறகும் அந்த ஃபைல் பூட்டியபடியே இருக்கும், ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ போட்டு வேறு பெயரில் சேமிக்காதவரை.

பிளாஸ்டிக் அட்டை அடித்துத் தரும் வேலைக்கு மார்க்கே கிடையாது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெட்டி அட்டை அளவுக்குக் கொண்டுவரும்போது பாஸ்வேர்டு இல்லாத படமாகச் சேமிக்கிறார்கள். போட்டோ, எண், முகவரி எல்லாம் திறந்தபடி அந்தக் கம்ப்யூட்டரில் தங்கிவிடுகிறது. வெளிச்சந்தையில் அடிக்கும் அட்டைகளில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்று ஆதார் ஆணையமே 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. அட்டைதான் வேண்டுமென்றால் ஆணையத்தின் தளத்தில் பணம் கட்டுங்கள், ஸ்பீட் போஸ்டில் வீட்டுக்கே வரும்.

பென் டிரைவ் கொஞ்சம் மேல். பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரே ஃபைலை மட்டும் அதில் போட்டு, டிரைவிலிருந்தே நேரடியாகப் பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபோல்டர்களை ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸ் பொதுக் கம்ப்யூட்டர்களில் பரவும். வேறு எதுவும் இல்லாத டிரைவ் என்றால் வந்தவுடன் ஃபார்மேட் செய்துவிடலாம். கடை கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறப்பது எல்லாவற்றிலும் மோசம். லாக் அவுட் மறந்தால் ஒரு ஃபைலோடு நிற்காது, மெயில்பெட்டி முழுவதும் போகும்.

எந்தக் கடைக்குப் போனாலும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீரும். ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போய், டவுன்லோட் ஆதாரில் ‘மாஸ்க்டு’ என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். இதை வீட்டிலேயே உங்கள் போனில் செய்யுங்கள். முகவரியும் பிறந்த தேதியும் அதில் தெரியத்தான் செய்யும்; அதனால் தாள் கைக்கு வந்ததும் எதற்காக, யாருக்காக, என்ன தேதி என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிவிடுங்கள்.

பத்திரப்பதிவு அலுவலகங்களை ஒட்டிய கடைகளில் இன்னும் கவனம் வேண்டும். பத்திர நகலில் கைரேகையும் ஆதார் எண்ணும் சேர்ந்தே இருக்கக்கூடும். பத்திரங்களிலிருந்து கைரேகையைப் போலியாக வார்த்து, ஆதார் எண்ணும் விரல் ரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் கணக்கைத் துடைத்த வழக்குகள் நாட்டில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பரிமாற்றத்தில் ஓடிபி கேட்பதில்லை. மைஆதார் தளத்திலேயே பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கலாம்; ரேஷன் கடையில் விரல் வைக்கப் போகும் நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை போதும். காசு கொடுக்குமுன் “அண்ணே, ஃபைலை அழிச்சிடுங்க” என்று கேளுங்கள். மானிட்டரை உங்கள் பக்கம் திருப்பி, ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்துகிற கடைக்காரரிடம் தொடர்ந்து போகலாம். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். “அதெல்லாம் தானா போயிடும்” என்கிற கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

சென்ட்ரலில் ரயில் ஏற மட்டும் ஆதார் பிரிண்ட் எடுப்பவர்களுக்கு இந்தக் கடையே தேவையில்லை. அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ‘இஷ்யூட்’ பகுதியில் இருக்கும் ஆதாரை ரயில்வே 2018 முதல் ஏற்கிறது. நீங்களே போட்டோ எடுத்து அதில் ஏற்றிவைத்த நகல் செல்லாது.